அசையாமல் பிடிப்பது எப்படி? பட்டறையில் டாகிள் கிளாம்ப்பின் இடம்

ஒரு ஜாபில் துளை போடுவதற்கும், அதை வெட்டுவதற்கும், பற்றவைப்பதற்கும் முன்னால் அது அசையாமல் நிற்க வேண்டும். எதைக் கொண்டு, எவ்வளவு விசையில், எவ்வளவு விரைவாக அதை நிறுத்துவது என்ற கேள்விக்குப் பல தொழில்களும் பல காலங்களில் விடை தேடியிருக்கின்றன. தரையில் அமர்ந்து வேலை செய்த நம்மூர்த் தச்சர் பாதத்தால் மரத்தை அழுத்திப் பிடித்தார். ஐரோப்பியத் தச்சர் நின்றபடி வேலை செய்யும் மேசையும், அதன் துளையில் சம்மட்டியால் தட்டி இறுக்கும் வளைந்த இரும்புப் பிடியும் வைத்திருந்தார். ஆப்பு எல்லா நாடுகளுக்கும் பொது. பிறகு திருகு வந்தது. வைஸும் ஜி-கிளாம்ப்பும் அதன் பிள்ளைகள். இந்த வரிசையில் மிகவும் பிந்தி வந்தது டாகிள் கிளாம்ப்.

இன்று கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ ஒரு ஃபிக்ஸ்சர் பட்டறைக்குள் நுழைந்தால் சிவப்புக் கைப்பிடியோடு வரிசையாக நிற்கும் இந்தக் கிளாம்ப்புகளைக் காணாமல் இருப்பது கடினம். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறை பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது: கேட்டலாக்கில் கிலோ கணக்கில் அச்சிட்டிருக்கும் தாங்குதிறன். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எவை என்பதே இங்கே பரிசீலிக்கப்படுகிறது.

திருகுக்கு மாற்று தேடிய காலம்

டாகிள் அமைப்பின் வரலாறு கிளாம்ப்பில் தொடங்கவில்லை. அச்சுக்கூடத்தில் அதைத் தேட வேண்டும். ஐரோப்பாவின் மர அச்சு எந்திரங்கள் மூன்றரை நூற்றாண்டுக் காலம் திருகையே நம்பியிருந்தன. 1800-ஐ ஒட்டி ஸ்டான்ஹோப் பிரபு இரும்பில் எந்திரம் செய்தபோதும் திருகை விடவில்லை. அதோடு கூட்டு நெம்புகோல்களைச் சேர்த்தார். 1813-இல் பிலடெல்பியாவில் ஜார்ஜ் கிளைமர் உருவாக்கிய கொலம்பியன் அச்சு திருகை முற்றிலும் கைவிட்டு நெம்புகோல்களை மட்டும் கொண்டது. 1820-ஐ ஒட்டி லண்டனில் ரிச்சர்ட் விட்டேக்கர் கோப் செய்த ஆல்பியன் அச்சில்தான் டாகிள் மூட்டு தெளிவாக இடம்பெற்றது. சாய்ந்து நிற்கும் ஓர் எஃகுத் துண்டு நிமிரும்போது தட்டை எழுத்தின் மீது அழுத்தும்.

அச்சுக்காரர்கள் திருகை விட்டு விலகியதற்கு வலுவான காரணம் உண்டு. தட்டு கீழே இறங்கும் தூரத்தின் பெரும்பகுதியில் எதிர்ப்பே இல்லை. தாள் எழுத்தைத் தொடும் கடைசி நொடியில் மட்டும் பெரும் விசை தேவை. திருகோ முழுத் தூரத்துக்கும் ஒரே விகிதத்தில்தான் விசையைத் தரும். தொடக்கத்தில் வேகமாகவும் கடைசியில் வலுவாகவும் நகர்வது டாகிளின் இயல்பு. 1858-இல் அமெரிக்காவின் ஈலை விட்னி பிளேக் காப்புரிமை பெற்ற கல் உடைக்கும் எந்திரமும் இதே இயல்பைப் பயன்படுத்தியது. நம் கல்குவாரிகளின் ஜா கிரஷர்களில் இன்றும் இருக்கும் டாகிள் தட்டு அதன் வழிவந்ததே.

கைக்கருவிகளுக்கு இது வர நெடுங்காலம் ஆயிற்று. நெப்ராஸ்காவின் டிவிட் என்ற சிற்றூரில் கொல்லராக இருந்த டென்மார்க்காரர் வில்லியம் பீட்டர்சன் 1920-களில் பூட்டிக்கொள்ளும் குறடை உருவாக்கினார். வைஸ்-கிரிப் என்று அறியப்படுவது அதுதான். டெட்ராய்டில் 1915-இல் தகடு அழுத்தும் தொழிலாகத் தொடங்கிய டெஸ்டாகோ நிறுவனம் 1936-இல் டாகிள் கிளாம்ப்பை அறிமுகப்படுத்தியது. கார் உடல் தகடுகளைப் பொருத்திப் பற்றவைக்கும் ஊரில் இது பிறந்தது தற்செயலாக இருக்க முடியாது. ஒரே வடிவத் தகட்டை நாள் முழுவதும் வைப்பது, பிடிப்பது, விடுவது, எடுப்பது என்ற வேலைக்குத் திருகு மிகவும் மெதுவானது.

நேர்க்கோட்டை நெருங்கும்போது

மடங்கிய முழங்காலை நிமிர்த்தி எழும்போது கடைசிச் சில அங்குலத்தில் உடல் எடை லேசாகத் தெரியும். டாகிளின் இயக்கவியலும் அதுவே. ஒரே நீளமுள்ள இரண்டு இணைப்புத் தண்டுகள் நடுவில் மூட்டப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். நடுமூட்டைப் பக்கவாட்டில் அழுத்தினால் தண்டுகள் நேராகி முனைகளை வெளியே தள்ளும். ஒவ்வொரு தண்டும் நேர்க்கோட்டிலிருந்து 45 பாகை விலகியிருக்கும்போது முனையில் கிடைப்பது கொடுத்த விசையில் பாதி மட்டுமே. 10 பாகையில் சுமார் 2.8 மடங்கு. 5 பாகையில் 5.7 மடங்கு. 2 பாகையில் 14 மடங்கைத் தாண்டும். 1 பாகையில் 28 மடங்குக்கும் மேல். முழு நேர்க்கோட்டில், உராய்வையும் பொருள்களின் வளைவையும் கணக்கில் எடுக்காவிட்டால், இந்த விகிதத்துக்கு எல்லையே இல்லை.

ஆனால் நேர்க்கோட்டில் நிற்கும் கிளாம்ப் நம்பத்தக்கதல்ல. சிறு அதிர்வு போதும், அது வந்த வழியே திரும்பிவிடக்கூடும். ஆகவே நடுமூட்டை நேர்க்கோட்டைச் சற்றே தாண்டச் செய்து அங்கே ஒரு தடையில் உட்கார வைக்கிறார்கள். அதன்பின் ஜாப் மேல்நோக்கித் தள்ளும் விசை மூட்டைத் திறக்கும் திசையில் தள்ளாமல் தடையை நோக்கியே தள்ளும். கைப்பிடியை மூடும்போது விரலுக்குத் தெரியும் அந்தச் சிறு சரிவு மையம் தாண்டியதற்கான அடையாளம். தாண்டும்போது அழுத்தம் உச்சத்திலிருந்து சிறிது குறையும். பூட்டு கிடைப்பதற்காக அதை விட்டுக்கொடுக்கிறோம்.

கேட்டலாக் எண்ணின் பொருள்

இங்கேதான் மிகப் பரவலான தவறான புரிதல் இருப்பதாகத் தோன்றுகிறது. சந்தையில் 201-பி என்ற எண்ணோடு விற்கும் நடுத்தர அளவுக் கிளாம்ப்புக்கு 90 கிலோ தாங்குதிறன் என்று குறித்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கிளாம்ப் ஜாபை 90 கிலோவில் அழுத்தும் என்று அதற்குப் பொருள் அல்ல. மூடிய நிலையில் கிளாம்ப்பின் அழுத்தும் கையின் முனையில் 90 கிலோ வரை எதிர்விசை வந்தாலும் உறுப்புகள் நிரந்தரமாக வளைந்துவிடாது என்பதே பொருள். தாங்குவது வேறு, அழுத்துவது வேறு. ஸ்பிண்டில், அதாவது கையின் முனையில் உயரத்தைச் சரிசெய்யும் திருகு, சரியாக இறக்கப்படாத 90 கிலோ கிளாம்ப் ஜாபின் மீது 5 கிலோகூட அழுத்தாமல் நிற்கலாம்.

அந்த எண்ணுக்குள்ளும் ஒரு நிபந்தனை உண்டு. கையின் பிளவு நெடுகிலும் ஸ்பிண்டிலை நகர்த்தக்கூடிய கிளாம்ப்புகளில் தாங்குதிறன் பெரும்பாலும் உட்புற நிலைக்குரியது. சுழல்மூட்டிலிருந்து தூரம் இரட்டித்தால் திறன் ஏறக்குறையப் பாதியாகும். எட்டவில்லையே என்று ஸ்பிண்டிலை நுனிக்குத் தள்ளுபவர் வாங்கிய திறனில் ஒரு பங்கை இழக்கிறார்.

உண்மையில் அழுத்தும் விசை எங்கிருந்து வருகிறது? கைப்பிடி எப்போதும் ஒரே நிலையில்தான் வந்து நிற்கும். ஆகவே முனையும் எப்போதும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஜாபின் மேற்பரப்பு அந்த உயரத்தைவிட எவ்வளவு மேலே இருக்கிறதோ அந்த அளவுக்கு ஏதாவது ஒன்று வளைந்தோ நசுங்கியோ கொடுத்தாக வேண்டும்: ரப்பர் முனை, கை, அடித்தட்டு, சில வேளைகளில் ஜாபே. அந்த வளைவு திருப்பித் தள்ளும் விசைதான் பிடி. ரப்பர் முனையை 1 மி.மீ. நசுக்க 30 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஜாப் அரை மி.மீ. மெலிந்திருந்தால் பிடி 15 கிலோவாகக் குறையும். வெறும் எஃகு முனையில் அதே 30 கிலோ 0.2 மி.மீ. வளைவிலேயே கிடைத்துவிடலாம், அப்போது 0.2 மி.மீ. மெலிந்த ஜாபின் மீது பிடியே இருக்காது. ஜாபில் கீறல் விழாமல் இருக்கத்தான் ரப்பர் முனை என்று கருதுவது அதன் வேலையில் பாதியைத்தான் காண்பது. தடிமன் வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும் வில்லாகவும் அது வேலை செய்கிறது. அதற்கான விலையும் உண்டு: பக்கவாட்டு விசையில் ரப்பர் ஆடும், நெடுநேரம் அழுந்தியிருந்தால் மெல்ல அமர்ந்துபோகும்.

பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரங்களை அறிந்தவர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. டாகிளால் மூடும் எந்திரம் விரைவானது, ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுவது; ஆனால் மோல்டின் தடிமன் மாறும்போதெல்லாம் மறுபடியும் உயரம் சரிசெய்ய வேண்டும். மூடும் விசை அங்கும் டை-பார் தண்டுகள் சற்றே நீள்வதிலிருந்துதான் வருகிறது. ஹைட்ராலிக்கில் நேரடியாக மூடும் எந்திரத்தில் விசையை அழுத்தமானியில் குறித்துவிடலாம், தடிமன் பற்றிய கவலை குறைவு. பல டன் எந்திரத்திலும் உள்ளங்கை அளவுக் கிளாம்ப்பிலும் ஒரே குறை தலைகாட்டுவதால், அது தயாரிப்பின் குறை அல்ல, அமைப்பின் இயல்பு என்று கொள்ளலாம்.

வேகமும் திருகும்: இரு நிலைப்பாடுகள்

பிடிப்பு பற்றிய கருத்துகளை உற்பத்திப் பொறியியலில் இரு பெரும் அணிகளாகப் பார்க்கலாம். விரைவை முன்வைக்கும் அணிக்கு வலுவான குரல் கொடுத்தவர் ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ. அவருடைய வாதம் எளிது: ஒரு போல்ட்டைப் பல சுற்றுகள் சுற்றினாலும் அது இறுக்குவது கடைசிச் சுற்றில் மட்டுமே, மற்றவை வீண் அசைவு. 1969-இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்றத்துக்கு நான்கு மணி நேரம் ஆனது. அது முதலில் ஒன்றரை மணி நேரமாகவும் பிறகு 3 நிமிடமாகவும் சுருங்கியதை அவர் தம் முறையின் சான்றாக முன்வைத்தார். ஒரே அசைவில் பிடிக்கும் எந்த வழியும், அது ஆப்போ கேமோ டாகிளோ, இந்த வாதத்தால் வலுப்பெறுகிறது.

இந்த நிலைப்பாட்டின் பலம் மறுக்க முடியாதது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடும் ஃபிக்ஸ்சரில், ஒரு முறைக்குப் பத்து வினாடி மிச்சமானால் அது மணிக்கணக்காகச் சேரும். மணிக்கட்டின் களைப்பும் குறையும். ஆனால் ஷிங்கோவின் பேச்சு பெரும்பாலும் டையை மாற்றுவது பற்றியது. ஒவ்வொரு ஜாபையும் பிடிப்பது பற்றியது அல்ல. டையின் தடிமனை முன்கூட்டியே ஒரே அளவாக்கிக்கொள்ள முடியும், அதற்கு அவரே வழி சொன்னார். வார்ப்பிலிருந்து வரும் காஸ்டிங்கையோ பருவத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும் மரத்தையோ அப்படி ஆக்குவது எளிதல்ல.

திருகின் பக்கம் நிற்பவர்களின் வாதமும் பழமைப்பற்று அல்ல. திருகு எந்தத் தடிமனிலும் போய் நிற்கும். விசையைக் கையால் உணரலாம், டார்க் ரெஞ்ச் இருந்தால் அளக்கவும் செய்யலாம். மில்லிங் எந்திரத்தின் மேசையில் இன்றும் டி-போல்ட்டும் ஸ்ட்ராப் கிளாம்ப்பும் ஆட்சி செய்வதற்கு இதுவே காரணம். கட்டரின் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக மோதும் வேலையில், அழுத்தம் எவ்வளவு என்று தெரியாத பிடியை நம்புவது ஆபத்து. ஒன்று இரண்டு ஜாப் மட்டும் செய்யும் பட்டறையில் விரைவின் வாதம் ஏறக்குறைய மதிப்பிழக்கிறது. கிளாம்ப்பைப் பொருத்தி ஸ்பிண்டிலைச் சரிசெய்யும் நேரமே மிச்சத்தைத் தின்றுவிடும்.

இரண்டுக்கும் நடுவில் கேம் இருக்கிறது. மையம் விலகிய வட்டத்தைத் திருப்பி அழுத்தும் இது மலிவானது, பட்டறையிலேயே செய்துகொள்ளக்கூடியது. உராய்வால் மட்டுமே நிற்பதால் அதிர்வில் மெல்லத் தளரும். தேய்மானம் நேரடியாகப் பிடியைப் பாதிக்கும். ஒட்டு வேலைக்கும் மரவேலைக்கும் போதுமானதாக இருந்தாலும் உலோக வெட்டுக்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் எச்சரிக்கையோடுதான் பரிந்துரைக்கிறார்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் டாகிள் வேறொரு பாதை. பல பிடிகளை ஒரே பொத்தானில், வகுத்த வரிசையில் மூடலாம். காற்று நின்றாலும் மையம் தாண்டிய பூட்டு ஜாபை விடாது என்பது வெறும் சிலிண்டரைவிட இதற்குள்ள மேன்மை. கம்ப்ரஸரும் குழாய்க் கசிவும் இரு கையையும் காக்கும் பாதுகாப்பு ஏற்பாடும் கூடவே வரும் செலவுகள். கார் தொழிற்சாலைக்கு அவை பொருட்டல்ல. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் பொருட்டுதான்.

இடம் காட்டுவது லொக்கேட்டரின் வேலை

எந்த அணியில் நின்றாலும் தப்ப முடியாத ஓர் அடிப்படை உண்டு. கிளாம்ப் ஜாபுக்கு இடம் காட்டக் கூடாது. காட்டிய இடத்தில் அழுத்தி வைக்க மட்டும் வேண்டும். இடம் காட்டுவதற்கு மூன்று-இரண்டு-ஒன்று என்ற விதி நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது: அடிப்பரப்பில் மூன்று புள்ளி, நீளப் பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. இந்த ஆறு புள்ளிகளில் ஜாப் உட்கார்ந்தால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. கிளாம்ப்பின் விசை இந்தப் புள்ளிகளை நோக்கி, முடிந்தால் நேர் மேலே, விழ வேண்டும். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே காற்றில் நிற்கும் தகட்டின் மீது அழுத்தினால் தகடு வளையும். வளைந்த நிலையில் துளையிட்டு விடுவித்தால் துளை சாய்ந்திருக்கும். ஃபிக்ஸ்சருக்குள் அளவு சரியாக இருந்து வெளியே எடுத்ததும் தவறிப்போகும் ஜாப்களில் கணிசமானவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொரு பாதி வெட்டுவிசையைப் பற்றியது. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். பக்கவாட்டில் 200 நியூட்டன் வெட்டுவிசை வருகிறது. எண்ணெய் படிந்த எஃகுக்கிடையே உராய்வுக் கெழு 0.15, இரண்டு மடங்கு பாதுகாப்பு வேண்டும். ஆடக்கூடிய ஸ்பிண்டில் முனையின் உராய்வை நம்பாமல் அடிப்பரப்பின் உராய்வால் மட்டும் தடுப்பதென்றால், தேவையான அழுத்தம் ஏறக்குறைய 2670 நியூட்டன், அதாவது 270 கிலோவுக்கு மேல். மூன்று 90 கிலோ கிளாம்ப்புகளை அவற்றின் உச்சத் திறனில் அழுத்தினாலும் இது கிடைக்காது. உச்சத்தில் அவை அழுத்துவதும் இல்லை. அதே விசையை ஒரு கெட்டியான ஸ்டாப்பரில் மோதவிட்டால் கிளாம்ப்பின் வேலை ஜாபைத் தூக்கவிடாமல் வைப்பது மட்டும்தான். அதற்குச் சிறு கிளாம்ப் போதும். பெரிய கிளாம்ப் வாங்குவதா என்று யோசிக்கும் பல இடங்களில் உண்மையில் வேண்டியது ஒரு டவல் பின் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ட்ரில்லிங் இந்த வகையில் டாகிளுக்கு மிக இணக்கமான வேலை. துளைக்கும் விசை ஜாபைக் கீழே அழுத்துகிறது. சுழற்றும் விசையை ஸ்டாப்பர் தாங்குகிறது. பிட் மறுபுறம் வெளிவரும் கணம் மட்டும் விதிவிலக்கு. அப்போது பிட்டின் வரிகள் ஜாபைக் கவ்வி மேலே இழுக்கும். பிடி உண்மையாகச் சோதிக்கப்படுவது அந்த ஒரு கணத்தில்தான்.

எந்த வகை, எந்த வேலைக்கு

மேலிருந்து அழுத்தும் வகையில் கைப்பிடி மூடிய நிலையில் நிமிர்ந்து நிற்பதும் உண்டு, படுத்துக் கிடப்பதும் உண்டு. ட்ரில் தலையோ ரூட்டரோ மேலே நடமாடும் இடத்தில் படுத்துக் கிடப்பதே நல்லது. பல கிளாம்ப்புகள் நெருக்கமாக நிற்கும் வெல்டிங் ஃபிக்ஸ்சரில் நிமிர்ந்து நிற்பது கைக்கு எட்டும். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதும் ஒரு பார்வையில் தெரியும். நேர்க்கோட்டில் தள்ளி இழுக்கும் வகை ஜாபை ஸ்டாப்பரின் மீது பக்கவாட்டில் தள்ளி வைக்கவும், குழாய்க்குள் பின்னைச் செலுத்தவும் பயன்படுகிறது. கொக்கியால் இழுத்துப் பூட்டும் வகை மூடிகளுக்கும் மோல்டின் இரு பாதிகளுக்கும் உரியது. குறடு போல் இருபுறமும் கவ்வும் வகைக்கு அடித்தளமே தேவையில்லை.

வகையைத் தேர்ந்த பிறகும் கவனிக்க வேண்டியது, கை எவ்வளவு திறக்கிறது என்பது. ஜாபை நேர் மேலே தூக்கி எடுக்க வேண்டிய ஃபிக்ஸ்சரில் கை நன்றாகப் பின்னால் சாயாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஜாபைச் சாய்த்து உருவ வேண்டியிருக்கும், விரைவாகப் பிடித்துப் பெற்ற பயன் அங்கே போய்விடும்.

ஸ்பிண்டிலை அமைப்பதில் பட்டறைகள் பின்பற்றும் முறை எளிது. கைப்பிடியை மூடிவிட்டு ஸ்பிண்டில் ஜாபைத் தொடும்வரை இறக்க வேண்டும். திறந்து, இன்னும் அரைச் சுற்று இறக்கி, இரண்டு நட்டுகளாலும் பூட்ட வேண்டும். எம்8 மரையில் ஒரு சுற்று 1.25 மி.மீ.; அரைச் சுற்று 0.6 மி.மீ. சொச்சம். ரப்பர் முனைக்கு இது நல்ல தொடக்கம். எஃகு முனைக்கு அதிகம். கால் சுற்றிலோ அதற்கும் குறைவிலோ தொடங்க வேண்டும். மூடுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தாலோ கைப்பிடியில் குழாயைச் செருகத் தோன்றினாலோ ஸ்பிண்டில் அளவு மீறி இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் தொடர்ந்து மூடினால் ரிவெட் துளைகள் நீளும்.

இரண்டு கடினமான களங்கள்

வெல்டிங் ஃபிக்ஸ்சர் டாகிளின் பிறந்த வீடு. அதைச் சீக்கிரம் கொல்வதும் அதுவே. ரப்பர் முனையும் வினைல் கைப்பிடி உறையும் வெப்பத்தைத் தாங்காது. வெல்டுக்கு அருகில் செம்பு அல்லது வெறும் எஃகு முனையே நிற்கும். தெறிக்கும் உலோகத் துளி மூட்டில் ஒட்டினால் மையம் தாண்டும் அசைவு தடைபடும். பூட்டு விழாமலேயே மூடியதுபோல் தோன்றும். எர்த் ஒயரை ஃபிக்ஸ்சரில் எங்காவது கவ்விவிட்டு, மின்சாரம் கிளாம்ப்பின் மூட்டுகள் வழியே பாயும்படி விடுவது இன்னொரு கேடு. ரிவெட்டுகளில் சிறு சிறு தீப்பொறி அரிப்பு உண்டாகும். எர்த்தை ஜாபிலேயே கொடுப்பது நல்லது.

இவற்றைவிட ஆழமான பிரச்சினை சுருக்கம். பற்றவைத்த இணைப்பு குளிரும்போது சுருங்கும். கிளாம்ப் அதைத் தடுத்தால் உருமாற்றம் குறையும், ஆனால் தடுக்கப்பட்ட இறுக்கம் உலோகத்துக்குள் தங்கிவிடும். விடுவித்ததும் ஒரு பகுதி வெளிப்படும். இறுக்கிப் பிடிப்பதே தீர்வு என்று ஒரு தரப்பும், சுருங்கும் திசையில் விட்டுக்கொடுத்து அளவில் முன்கூட்டியே ஈடுசெய்வதே தீர்வு என்று மற்றொரு தரப்பும் வாதிடுவது இதனால்தான். தகட்டின் தடிமன், வெல்டின் வரிசை, இணைப்பின் வடிவம் ஆகியவற்றைப் பொறுத்து இரண்டும் சரியாகலாம். ஒன்று மட்டும் உறுதி: சுருங்கிய ஜாப் பின்களில் இறுகி மாட்டிக்கொள்ளும். ஆகவே எல்லாப் பின்களையும் நிலையாக வைக்காமல் ஒன்றிரண்டை உருவி எடுக்கும்படி அமைக்க வேண்டும். நேர்க்கோட்டு டாகிள் இங்கே மிகவும் உதவும்.

மரப்பட்டறையில் சிக்கல் வேறு. விசை குறைவு, ஆனால் தடிமன் நிலையற்றது. டேபிள் சா, ரூட்டர் ஆகியவற்றின் ஜிக்குகளில் டாகிளின் உண்மையான பயன், விரல்களை வெட்டும் பல்லிலிருந்து தள்ளி வைப்பதுதான். சிறு துண்டைக் கையால் பிடித்து வெட்டும் வழக்கத்துக்கு மாற்றாக இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை. ஆனால் ஜிக்கின் அடிப்பலகை ப்ளைவுட்டாக இருப்பதால் பலவீனம் கிளாம்ப்பிலிருந்து அதன் காலுக்கு இடம்பெயர்கிறது. முனை அடித்தட்டின் பின்விளிம்பிலிருந்து 90 மி.மீ. தள்ளியும் முன் போல்ட்டுகள் 30 மி.மீ. தள்ளியும் இருந்தால், முனையில் வரும் 40 கிலோ எதிர்விசை முன் போல்ட்டுகளை 120 கிலோவில் பிடுங்கும். மரத்திருகு ப்ளைவுட்டில் இதைச் சில வாரங்கள் தாங்கும், பிறகு துளை தளரும். ஊடே செல்லும் போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. மெல்லிய பலகையானால் பிடியின் விசையில் பலகையே வில்லாக வளையும். அடியில் ஒரு குறுக்குக் கட்டை வேண்டும்.

தேய்மானம் பற்றிச் சுருக்கமாக: மூடிய கையின் நுனியைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் ரிவெட்டின் நிலை தெரிந்துவிடும். அழுத்தம் குறைவது முதல் அறிகுறி, பூட்டு நழுவுவது கடைசி அறிகுறி. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஸ்பிண்டிலை மேலும் மேலும் இறக்கிச் சமாளிப்பது தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

தீராதவை

அழுத்தும் விசை எவ்வளவு என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஃபிக்ஸ்சரில் பெரும்பாலும் எவருக்கும் தெரிவதில்லை. முனைக்கு அடியில் ஒரு சிறு லோட் செல்லை வைத்து அளப்பது இன்று செலவு மிக்க காரியமல்ல. ஆனாலும் அது சோதனைக்கூடத்தின் வழக்கமாகவே இருக்கிறது, பட்டறையின் வழக்கமாகவில்லை. தாங்குதிறனோடு அழுத்துவிசையையும் சில தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். எனினும் எந்த முனையோடு, கையின் எந்த இடத்தில், கைப்பிடியில் எவ்வளவு விசை கொடுத்து அளந்தார்கள் என்பது தெரியாமல் இரு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுவது பொருளற்றது. ஒரே மாடல் எண்ணைப் பலரும் பயன்படுத்தும் சந்தையில் இது கூடுதல் குழப்பம். எண் ஒன்றாக இருக்கலாம். தகட்டின் தடிமனும் மூட்டின் புஷ்ஷும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தடிமன் வேறுபாட்டுக்கு விடையாக வந்திருக்கும் தானே சரிசெய்துகொள்ளும் கிளாம்ப்புகள் இந்த விவாதத்தின் புதிய தரப்பு. ஜாபின் உயரம் எதுவானாலும் முன்பே குறித்த ஏறக்குறைய ஒரே விசையில் அவை மூடுகின்றன. விசையை ஒரு சிறு திருகால் கூட்டிக் குறைக்கலாம். டாகிளின் விரைவையும் திருகின் தகவமைப்பையும் சேர்த்துத் தரும் முயற்சி இது, மரவேலையில் நல்ல வரவேற்பும் பெற்றிருக்கிறது. ஆனால் சரிசெய்யும் உறுப்பு உராய்வை நம்பியே நிற்கிறது; நகரும் உறுப்பு ஒன்று கூடுவதால் விறைப்பும் சற்றுக் குறையக்கூடும். இடைவிடாத அதிர்வில், எண்ணெயும் உலோகத்தூளும் படிந்த நிலையில், பல ஆயிரம் முறை மூடிய பிறகு அந்த உறுப்பு முதல் நாளைப் போலவே பிடிக்குமா என்பதை அந்தந்தப் பட்டறையின் சூழலில் சோதித்தே சொல்ல முடியும். அதுவரை ட்ரில்லிங், பொருத்துதல், ஒட்டுதல் ஆகியவற்றில் அவற்றைத் துணிந்து ஏற்கலாம். மில்லிங்கில் அவற்றுக்கு இடம் தருவதற்கு முன் ஸ்டாப்பர்கள் வெட்டுவிசை முழுவதையும் தாங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.